அணி போன பிறகும் ஊரோடு நின்றவர்: ஜொனி யுனைற்றஸ்

செப்டெம்பர் பிறந்துவிட்டால் குபெர்டினோவில் எமது ஞாயிற்றுக்கிழமைகள் வேறு விதமாகிவிடும். கிழக்குக் கரையில் மதியம் ஒரு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே காலை பத்து மணிக்கே தொலைக்காட்சிக்கு வந்துவிடும். ஆகவே இடியப்பமும் சொதியும் அதற்கு முன்னால்தான் பரிமாறப்படும். எமது பெரியவர்கள் துடுப்பாட்டத்தோடும் உதைபந்தாட்டத்தோடும் வளர்ந்தவர்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டி மோதும் இந்த அமெரிக்க உதைபந்தாட்டம் அவர்களுக்குப் பிடிபடவே பல வருடங்கள் எடுத்தது. பிள்ளைகளுக்கு அப்படியல்ல. அவர்கள் இங்கே பிறந்தவர்கள்.

பிள்ளைகள் ஒன்றுகூடினால் எப்போதும் ஒரே விவாதம்தான். உலகின் மிகச் சிறந்த குவாட்டர்பேக் யார்? ஒருவன் ரொம் பிரேடி என்பான். எங்களிடமிருந்து அரை மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் சான் மரெயோவில் பிறந்தவர், ஏழு சுப்பர் போல் கிண்ணங்களை வென்றவர். இன்னொருவன் ஜோ மொன்டானா என்பான். சான் பிரான்சிஸ்கோ 49 அணிக்காக நான்கு தடவை சுப்பர் போல் ஆடி நான்கையும் வென்றவர், அந்த நான்கு ஆட்டங்களிலும் அவர் எறிந்த ஒரு பந்தைக்கூட எதிரணி பறித்ததில்லை. சின்னவன் பற்றிக் மஹோம்ஸ் என்று கத்துவான்.

கடந்த பருவத்தில் ஒரு நாள் இந்தச் சத்தத்துக்குள், மூலையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பா ஒருவர் ஜொனி யுனைற்றஸ் என்று ஒரு பெயரைச் சொன்னார். பிள்ளைகள் உடனே கைபேசியில் தேடினார்கள். பிரேடி எறிந்த டச்டவுன்கள் 649, யுனைற்றஸ் எறிந்தவை 290. சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுத நினைக்கிறோம்.

ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்ட் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியிலும் பந்து முதலில் வருவது குவாட்டர்பேக்கின் கைக்கு. ஓடுபவனிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடும் சகாவுக்கு எறிவதா என்று இரண்டு மூன்று விநாடிக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். அதற்குள் மலைபோன்ற நான்கைந்து பேர் அவரை விழுத்த ஓடி வருவார்கள்.

ஜோன் யுனைற்றஸ் 1933ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் பிற்ஸ்பேர்க் நகரில் பிறந்தார். உருக்கு ஆலைகளும் நிலக்கரியும் புகையுமாக இருந்த நகரம் அது. பெற்றோர் லித்துவேனியா வழி வந்தவர்கள். அந்த மொழியில் யொனாய்ற்றிஸ் என்று இருந்த குடும்பப் பெயர், அமெரிக்கர்களின் காதிலும் எழுத்திலும் விழுந்து யுனைற்றஸ் ஆனது. அலுவலகப் படிவங்களில் எமது நீண்ட பெயர்கள் துண்டு துண்டாக வெட்டுப்படுவதைப் பார்த்துப் பழகிய எமக்கு இது புதிதல்ல.

தகப்பனார் வண்டியில் நிலக்கரி விநியோகம் செய்து வந்தார். மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். நான்கு பிள்ளைகளோடு தனித்துப்போன தாயார் ஹெலன் அந்த வியாபாரத்தைத் தன் தோளில் எடுத்துக்கொண்டார். இரவில் அலுவலகங்களைத் துப்புரவாக்கினார். பின்னர் கணக்குப் பதிவு படித்து வேலை ஒன்றில் அமர்ந்தார். தாய் இரண்டு வேலை பார்த்து வளர்த்த பிள்ளைகள் எமது சமூகத்தில் ஏராளம். அந்த வீட்டில் புலம்பலுக்கு நேரம் இருந்திருக்காது என்பதை எவரும் எமக்கு விளக்கத் தேவையில்லை.

பையன் உயரமாகவும் ஒல்லியாகவும் வளர்ந்தான். கத்தோலிக்கர்களின் கனவுப் பல்கலைக்கழகமான நொற்ற டேம், உடம்பு போதாது என்று அவனைத் திருப்பி அனுப்பியது. அந்த நாளில் இந்த ஆட்டத்தில் பெரிய பெயர் இல்லாதிருந்த லூயிவில் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. அங்கே நான்கு வருடம் ஆடினான். 1955ஆம் ஆண்டு தொழில்முறை அணிகள் வீரர்களைத் தெரிவுசெய்தபோது, சொந்த ஊரின் பிற்ஸ்பேர்க் ஸ்டீலர்ஸ் அணி ஒன்பதாவது சுற்றில் அவனை எடுத்தது. அவனுக்கு முன் 101 பேர் எடுக்கப்பட்டிருந்தார்கள்.

ஊர் அணியில் இடம் கிடைத்தது என்ற மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பயிற்சி முகாமில் நான்கு குவாட்டர்பேக்குகள் இருந்தார்கள், இடமோ மூவருக்குத்தான். பருவத்துக்கு முந்திய பயிற்சி ஆட்டங்களில் ஒன்றில்கூட யுனைற்றஸ் களம் இறக்கப்படவில்லை. பந்து எறிந்து காட்டச் சந்தர்ப்பமே தராமல் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சாலையோரம் நின்று, வருகிற வாகனங்களை மறித்து ஏறி ஊர் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22. மணமாகியிருந்தது.

கட்டட வேலையில், நிலத்தில் தூண் அடிக்கும் இயந்திரக் கூட்டத்தில் சேர்ந்தார். அதோடு புளூம்ஃபீல்ட் றாம்ஸ் என்ற உள்ளூர்க் கழகத்துக்கு ஆடினார். புல் இல்லாத மண் திடலில் ஆட்டம், ஆட்டத்துக்குச் சம்பளம் ஆறு டொலர். ஆறு டொலருக்காக உடம்பை முறித்துக்கொள்கிறானே என்று அயலவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் கை பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். படித்த தொழிலுக்கு வேலை கிடைக்காமல் எரிபொருள் நிலையத்தில் நின்றபடி, மேசைக்கடியில் பாடப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தவர்களை நாம் அறிவோம். அதே பிடிவாதம்தான் இது.

1956இல் பால்டிமோர் கோல்ற்ஸ் அணியில் இருந்து அழைப்பு வந்தது. கோல்ற் என்றால் ஆண் குதிரைக்குட்டி. குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன நகரம் என்பதால் அந்தப் பெயர், தலைக்கவசத்தில் லாடச் சின்னம். அணியில் இடம் பிடித்தால் வருடத்துக்கு 7,000 டொலர் என்று ஒப்பந்தம். பயிற்சியாளர் வீப் யூபாங்க் அவரை இரண்டாம் ஆளாக வைத்துக்கொண்டார்.

அந்த வருடம் ஒக்ரோபரில் சிக்காகோ பெயர்ஸ் அணியுடனான ஆட்டத்தில் முதல் குவாட்டர்பேக் ஜோர்ஜ் ஷோவின் கால் முறிந்தது. யுனைற்றஸ் உள்ளே போனார். அவர் எறிந்த முதற் பந்தை எதிரணி வீரர் பறித்துக்கொண்டு ஓடிப்போய் டச்டவுன் போட்டுவிட்டார். அதற்கடுத்து, ஓடுபவரிடம் கொடுக்கப்போன பந்தும் தவறி விழுந்தது. 58க்கு 27 என்று கோல்ற்ஸ் தோற்றது. ஒருவரின் வாழ்வில் முதல் நாள் இதைவிட மோசமாக அமைய முடியாது. அடுத்த கிழமையும் அவரையே இறக்கினார்கள். இறக்க வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம். அதன் பிறகு அந்த இடத்தை அவர் பதினைந்து வருடத்துக்கு மேல் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த டிசெம்பரில் தொடங்கி 1960 டிசெம்பர் வரை, தொடர்ச்சியாக 47 ஆட்டங்களில் ஒவ்வொன்றிலும் ஆகக்குறைந்தது ஒரு டச்டவுனாவது எறிந்தார். அந்தச் சாதனை 52 வருடங்கள் நின்றது. 2012ஆம் ஆண்டு ட்ரூ பிறீஸ் அதைத் தாண்டினார். 1959இல் ஒரே பருவத்தில் 32 டச்டவுன்கள் எறிந்தார். அதற்கு முன் எவரும் 30ஐத் தொட்டதில்லை. அப்போது ஒரு பருவத்துக்கு 12 ஆட்டங்கள் மட்டுமே, இன்று 17.

1958ஆம் ஆண்டுதான் அவரை வரலாற்றில் நிறுத்தியது. அந்தப் பருவத்தின் நடுவில் கிறீன் பே அணியுடனான ஆட்டத்தில் அவருடைய விலா எலும்புகள் முறிந்து நுரையீரலும் காயப்பட்டது. இரண்டு ஆட்டங்கள் மட்டும் ஓய்வு. நெஞ்சைச் சுற்றிக் கவசம் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நவம்பர் 30ஆம் திகதி பால்டிமோருக்கு வந்த அணி, எமது பிள்ளைகள் சிவப்புச் சட்டை போட்டுக் கொண்டாடும் அதே சான் பிரான்சிஸ்கோ 49 அணிதான். பாதி நேரத்தில் 49 அணி 27க்கு 7 என்று முன்னால் நின்றது. பாதிக்குப் பிறகு அவர்களை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல், 35க்கு 27 என்று கோல்ற்ஸ் வென்றது. அந்த வெற்றியே அவர்களை இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனது.

இறுதி ஆட்டம் டிசெம்பர் 28ஆம் திகதி நியூயோர்க் யாங்கி மைதானத்தில் நியூயோர்க் ஜயன்ற்ஸ் அணிக்கு எதிராக நடந்தது. நாடு முழுவதும் நான்கரைக் கோடிப் பேர் வரையில் தொலைக்காட்சியில் பார்த்ததாகக் கணக்கிடுகிறார்கள். இரண்டு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது கோல்ற்ஸ் 17க்கு 14 என்று பின்னால் நின்றது. பந்து அவர்களுடைய எல்லைக்கு மிக அருகில், 14ஆவது யார்டில். கடக்க வேண்டிய தூரமோ அநேகமாக முழு மைதானம். யுனைற்றஸ் அவசரப்படவில்லை. ரேமண்ட் பெரிக்கு அடுத்தடுத்து மூன்று பந்துகள் எறிந்தார், மூன்றையும் சேர்த்து 62 யார்ட். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் அந்த இருவரும் நின்று மணிக்கணக்காக எறிந்து பிடித்துப் பழகியதன் பலன் அது. ஏழு விநாடி மீதமிருக்கையில் பந்தை உதைத்துச் சமன் செய்தார்கள்.

இறுதி ஆட்டம் ஒன்று மேலதிக நேரத்துக்குப் போனது அதுவே முதல் தடவை. முதலில் புள்ளி எடுப்பவர் வெற்றி. பந்து கைக்கு வந்ததும் யுனைற்றஸ் 13 முயற்சிகளில் 80 யார்ட் தூரத்தை நடத்திக் கடந்தார். கடைசி ஒரு யார்டை அலன் அமீச்சி ஓடிக் கடந்தார். 23க்கு 17. அதுவரை கல்லூரி ஆட்டத்துக்கும் பேஸ்போலுக்கும் பின்னால் நின்ற தொழில்முறை உதைபந்தாட்டம், அந்த மாலைக்குப் பிறகுதான் அமெரிக்கர்களின் வரவேற்பறைக்குள் நுழைந்தது. இன்று குபெர்டினோவில் எமது பிள்ளைகள் சுப்பர் போல் பார்க்கிறார்கள் என்றால், அதற்கான வழியைத் திறந்த ஆட்டங்களில் முதன்மையானது அது.

இப்போது பிள்ளைகளின் விவாதத்துக்கு வருவோம். 649க்கு எதிரே 290 என்பது உண்மையான எண். ஆனால் அந்த எண் எதையெல்லாம் சொல்லவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1978இல் விதிகள் மாற்றப்படும் வரை, பந்து பிடிக்க ஓடுபவரை எதிரணி வழி நெடுகத் தள்ளியும் மறித்தும் தடுக்கலாம். அதன் பின் ஐந்து யார்டுக்கு அப்பால் தொட்டால் தண்டனை. 1994 முதல் குவாட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவி இருக்கிறது, அடுத்த நகர்வைப் பயிற்சியாளர் காதுக்குள் சொல்லிவிடுவார். யுனைற்றஸின் காலத்தில் ஆட்டத்தை அவரே சொந்த மூளையால் வகுத்தார். நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரணியின் நிற்பைப் பார்த்து, பத்துப் பேருக்கும் அடுத்த நகர்வைச் சொல்லி, தானே நிறைவேற்றியும் காட்டினார்.

அவருக்கு எதிராகச் சொல்லக்கூடியதையும் மறைக்கக் கூடாது. அவர் எறிந்தவற்றில் 253 பந்துகளை எதிரணி பறித்தது. 1968இல் முழங்கை காயப்பட்டதால் பருவத்தில் பெரும்பகுதி வெளியே இருந்தார். 1969 ஜனவரியில் நடந்த மூன்றாவது சுப்பர் போலில், இளைஞர் ஜோ நேமத்தின் நியூயோர்க் ஜெற்ஸ் அணியிடம் கோல்ற்ஸ் தோற்றபோது, கடைசி நேரத்தில் உள்ளே போய் ஒரே ஒரு டச்டவுனுக்கு வழிநடத்த மட்டுமே அவரால் முடிந்தது. 1971 ஜனவரியில் ஐந்தாவது சுப்பர் போலைக் கோல்ற்ஸ் வென்றபோதும், அவர் காயத்தோடு பாதியில் வெளியேற, வேறொருவர்தான் ஆட்டத்தை முடித்தார். ஆனால் 1959, 1964, 1967 என மூன்று தடவை லீக்கின் மிகப் பெறுமதியான வீரராகத் தெரிவானார். 40,000 யார்டுக்கு மேல் எறிந்த முதல் மனிதரும் அவரே. 2019இல் லீக்கின் நூறாண்டு நிறைவுக்காகத் தெரிவுசெய்த பத்துக் குவாட்டர்பேக்குகளில், பிரேடிக்கும் மொன்டானாவுக்கும் பக்கத்தில் யுனைற்றஸின் பெயரும் இருக்கிறது.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது ஒரு விளையாட்டு வீரரின் கதை மட்டுமே. பெரியப்பாவின் மனதில் இருந்தது அதற்குப் பிறகு நடந்தது.

1972இல் அணியின் உரிமை ரொபேர்ட் ஏர்சே என்பவரிடம் போனது. புதிய நிர்வாகம் 39 வயது யுனைற்றஸை ஓரமாக இருத்தியது. அந்த டிசெம்பரில் பால்டிமோரில் அவருடைய கடைசி ஆட்டம். வானத்தில் ஒரு சிறு விமானம் பறந்தது. ஒற்றுமையாய் நிற்போம் என்ற அமெரிக்கச் சொல்வழக்கோடு அவருடைய பெயரைப் பின்னிய வாசகம் அதன் வாலில் தொங்கியது. இடையில் இறங்கிய அவர் ஒரு நீண்ட டச்டவுன் எறிந்துவிட்டு மக்களிடம் விடைபெற்றார். அடுத்த மாதமே அவரைச் சான் டியேகோ அணிக்கு விற்றுவிட்டார்கள். அங்கே சில ஆட்டங்களோடு அவருடைய இடத்துக்கு வந்தவர், சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த டான் ஃபௌற்ஸ் என்ற புதுமுகம். 1974இல் யுனைற்றஸ் ஓய்வு பெற்றார். 1979இல் அவரைப் புகழரங்கில் சேர்த்தார்கள்.

ஓய்வுக்குப் பிறகு அவர் திரும்பிப் போனது பிறந்த ஊரான பிற்ஸ்பேர்க்குக்கு அல்ல, பால்டிமோருக்கு.

1984ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி இரவு. பால்டிமோரில் பனியும் ஈரமும். அணியை அரசே கையகப்படுத்த வழிசெய்யும் சட்டம் ஒன்று மேரிலாந்து சட்டசபையில் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தது. அது நிறைவேறுவதற்குள் ஏர்சே பதினைந்து மேஃபிளவர் பாரவண்டிகளை வரவழைத்தார். தலைக்கவசங்கள், மேசைகள், கோப்புகள் எல்லாம் ஏற்றப்பட்டன. விடிவதற்குள் வண்டிகள் வெவ்வேறு பாதைகளால் இண்டியானாபொலிஸ் நோக்கிப் புறப்பட்டுவிட்டன. காலையில் எழுந்த ஊருக்கு அணி இல்லை. பெயர், நிறம், லாடச் சின்னம், முப்பது வருடப் பதிவேடுகள் எல்லாமே போய்விட்டன.

எங்கள் பெரியப்பா ஆடிக் கலவரத்துக்குப் பிறகு வெளிக்கிட்டு, சில மாதங்களுக்கு முன்புதான் மேரிலாந்து வந்து சேர்ந்திருந்தார். அன்று காலை அவர் வேலை செய்த எரிபொருள் நிலையத்தில், வளர்ந்த ஆண்கள் கண் கலங்கி நின்றதைப் பார்த்தாராம். ஒரு விளையாட்டு அணிக்காக அழுகிறார்களே என்று முதலில் எரிச்சல்தான் வந்ததாம். அவர் சொல்வது நியாயம். பாரவண்டிகளில் போனது ஓர் அணி, எரிந்தது எமது வீடுகள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் பல வருடம் கழித்துத்தான் அந்த மனிதர்கள் எதற்காக அழுதார்கள் என்பது அவருக்கு விளங்கியதாம். இனி அந்தப் பெயரைச் சொன்னால் உலகம் வேறு ஓர் ஊரைத்தான் நினைக்கும் என்பதற்காக.

யுனைற்றஸ் அதை ஏற்கவே இல்லை. தான் ஆடியது பால்டிமோருக்கு, இண்டியானாபொலிஸ் அணிக்கும் தனக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று கடைசிவரை சொன்னார். புகழரங்கில் தன்னைப் பால்டிமோர் கோல்ற்ஸ் வீரராக மட்டுமே காட்ட வேண்டும் என்று கேட்டார். ஆனால் லீக்கின் பதிவேட்டில் அவருடைய 287 கோல்ற்ஸ் டச்டவுன்களும் அணியோடு சேர்ந்து இடம் மாறிவிட்டன. பேப்பரில் அவை இண்டியானாபொலிஸின் சொத்து. அந்த ஊருக்காக அவர் ஒரு பந்துகூட எறிந்ததில்லை.

அவரோடு சேர்ந்து நின்றவர்கள் இன்னும் சிலர். கோல்ற்ஸ் அணிக்கு ஒரு பாண்ட் வாத்தியக் குழு இருந்தது. அந்த இரவில் அவர்களுடைய சீருடைகள் சலவைக்குக் கொடுக்கப்பட்டிருந்ததால் பாரவண்டிகளில் ஏறாமல் தப்பின. கண்ணில் படாமல் இருக்க ஒரு மயானத்தின் கல்லறை மண்டபத்தில் அவற்றை ஒளித்து வைத்தார்கள். பிறகு அந்தக் குழு, ஆட அணியே இல்லாமல், பன்னிரண்டு வருடம் பால்டிமோர் கோல்ற்ஸ் என்ற பெயரிலேயே ஊர்வலங்களிலும் வேறு ஊர் மைதானங்களிலும் வாசித்தது. இதை வாசிக்கும் எவருக்கும் எமது ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் ஒன்றியங்களும் ஞாபகம் வராமல் இருக்காது.

1996இல் பால்டிமோருக்கு மறுபடி ஓர் அணி வந்தது. ஆனால் அதுவும் இன்னோர் ஊரிடமிருந்து எடுக்கப்பட்டதுதான். கிளீவ்லாந்தில் இருந்த அணியை உரிமையாளர் பால்டிமோருக்குக் கொண்டுவந்து றேவன்ஸ் என்று பெயரிட்டார். கிளீவ்லாந்து மக்கள் போராடினார்கள். அணி போனாலும் பிரௌன்ஸ் என்ற பெயரும் நிறமும் பதிவேடுகளும் ஊரிலேயே இருக்க வேண்டும் என்று வென்றெடுத்தார்கள். 1999இல் அந்தப் பெயரில் புதிய அணி அங்கே மீண்டும் ஆடியது. பால்டிமோருக்குக் கிடைக்காத நீதி கிளீவ்லாந்துக்குக் கிடைத்தது. யுனைற்றஸ் றேவன்ஸ் ஆட்டங்களுக்குப் போய் மைதான ஓரத்தில் நின்றார். இன்னோர் ஊரின் இழப்பில் வந்த அணி என்பது அவரைத் தடுக்கவில்லை. அதையும் சொல்லாமல் விட்டால் கதை முழுமையாகாது. இழந்தவர்கள் எல்லோரும் மற்றவர்களின் இழப்பை எப்போதும் கணக்கில் எடுப்பதில்லை, நாமும் விதிவிலக்கல்ல.

கடைசி வருடங்கள் சுலபமாக இருக்கவில்லை. முதலீடு செய்த தொழில்கள் நொடித்து 1991இல் திவாலானார். 1993இல் மாரடைப்பு வந்து இருதய சத்திரசிகிச்சை நடந்தது. லீக்கைப் பெரிதாக்கிய அந்த வலது கையோ பழைய காயத்தால் மெல்ல மெல்லச் செயலிழந்தது. சட்டைப் பொத்தான் போடவே கஷ்டப்பட்டார். அந்தக் கைக்காக இயலாமை உதவிப்பணம் கேட்டபோது கிடைக்கவில்லை.

2002 செப்டெம்பர் 11ஆம் திகதி, அமெரிக்கா தன் துயரத்தின் முதலாவது ஆண்டை நினைவுகூர்ந்துகொண்டிருந்த அன்று, பால்டிமோருக்கு அருகே உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். வயது 69. ஒக்ரோபரில் றேவன்ஸ் மைதானத்துக்கு வெளியே அவருடைய சிலை திறக்கப்பட்டது.

கணுக்கால் மறைக்கும் கறுப்புச் சப்பாத்து யுனைற்றஸின் அடையாளம். அந்தப் பருவத்தில் அவருடைய நினைவாக அப்படிச் சப்பாத்து அணிய இருவர் விரும்பினார்கள். ஒருவர் இண்டியானாபொலிஸ் கோல்ற்ஸின் பெய்ற்றன் மானிங். லீக் அனுமதி மறுத்ததால் அவர் அணியவில்லை. மற்றவர் லூயிவில்லில் படித்து றேவன்ஸுக்கு ஆடிய கிறிஸ் றெட்மன். அவர் அணிந்தார், 5,000 டொலர் தண்டம் கட்டினார். அந்த மானிங் தனது கடைசி ஆட்டத்தை ஆடியது எமக்குப் பக்கத்தில், சான்ரா கிளாரா லீவைஸ் மைதானத்தில், 2016 பெப்ரவரியில். எமது பிள்ளைகள் சிலர் அன்று தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

இந்தக் கதையில் எமக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான். யுனைற்றஸ் பிறந்த ஊர் பிற்ஸ்பேர்க். அந்த ஊரின் அணி அவரை எறிந்து காட்டக்கூட விடாமல் அனுப்பியது. யாரென்று தெரியாமல் எடுத்து, முதல் நாளின் படுதோல்விக்குப் பிறகும் இறக்கிவிட்ட ஊர் பால்டிமோர். கடைசிவரை அவர் பெயரை விட்டுக்கொடுக்காமல் காத்தது அந்த இரண்டாவது ஊருக்காகத்தான். விசுவாசம் என்பது பிறப்போடு மட்டும் வருவதில்லை, இடம் தந்த மண்ணிலும் அது முளைக்கும்.

இதை நாம் எழுதுவது பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, எமக்கும் சேர்த்துத்தான். 49 அணி வென்ற இரவில் எமது பிள்ளைகள் நாங்கள் வென்றுவிட்டோம் என்று சொல்லும்போது, எம்மில் பலருக்கு உள்ளே ஏதோ நெருடும். அந்த நாங்கள் என்ற சொல்லுக்குள் எமது ஊர் இல்லையே என்று. அவர்களுக்குக் குபெர்டினோ பால்டிமோராக இருக்கலாம். அதில் பிழை இல்லை. எமது கோரிக்கை ஒன்று மட்டுமே. பாரவண்டிகளில் ஏறிப்போன பதிவேட்டில் எழுதப்படாத ஓர் ஊர் எங்களுக்கும் இருந்தது என்பதை அவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சென்ற மாதம் இந்தக் கதை முழுவதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். மொன்டானா கட்சிக்காரன் மொன்டானாவை விடவில்லை, பிரேடி கட்சிக்காரனும் அசையவில்லை. ஆனால் சின்னவன் எழுந்துபோய்ப் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தான். பெரியப்பாவின் ஊர் வலிகாமம் வடக்கு. 1990இல் சனம் எழுப்பப்பட்டு, பிறகு உயர் பாதுகாப்பு வலயமாகி, பல வருடம் எவரும் கால் வைக்க முடியாமல் போன நிலம். அங்கே ஒரு விளையாட்டுக் கழகம் இருந்தது, அவர் அதன் கோல் காப்பாளர். சின்னவன் அந்தக் கழகத்தின் சட்டை என்ன நிறம் என்று கேட்டான். நீலமும் வெள்ளையும் என்றார் பெரியப்பா. கோல்ற்ஸின் நிறமும் அதுதான் என்று சின்னவன் கண்டுபிடித்துச் சொல்லும் வரை அவர் அதை யோசித்திருக்கவில்லை.